பின்கேட்டு வழியாகப் போன பெண்கள்

போன வாரம் கலா வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குக் கோபம் ஆறவில்லை. கலா மேல் இல்லை. காரைக்காலில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் அவள்தான் இப்போது ஆயா. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள். இன்றைக்கும் மாதம் ஒரு தடவை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறாள். இந்தத் தடவை கைப்பேசியில் ஒரு தொடரைக் கொண்டுவந்து காட்டினாள். பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் பார்க்கிறார்களாம். வகுப்பில் அதே பேச்சாம்.

"கடலோரத்துல ஒரு சின்ன ஊருக்கா. அப்படியே நம்ம ஊரு மாதிரியே இருக்கு. பத்தாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு திடீர்னு காணாமப் போயிடுது. கூடப் படிக்கிற நாலு பேரு சேந்து துப்பு துலக்குறாங்க. ஊர்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு ரகசியம். பாருங்களேன்" என்றாள்.

மூன்று பாகம் பார்த்தேன். கணக்கு வாத்தியார் மேல் ஒரு சந்தேகம், மருந்துக் கடைக்காரர் மேல் ஒரு சந்தேகம். அந்தப் பள்ளியிலும் ஒரு ஆயா இருக்கிறாள். கண்ணை உருட்டிக்கொண்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு வருகிறாள். அவள் வந்தாலே பயமுறுத்துகிற மாதிரி ஒரு இசை.

"அந்த ஆயாவுக்கு எல்லாம் தெரியுமாம்க்கா. கடைசிப் பாகத்துலதான் வாயத் தொறக்குமாம். தெரிஞ்சத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்? கதைக்காக இழுக்கறானுவோ" என்று கலா சிரித்தாள்.

"கதைக்காக இல்ல கலா" என்று மட்டும் சொன்னேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். எதிரில் ஆள் இருந்தால் பேச வராது. பள்ளி மலருக்குப் பழைய ஊழியர்களின் அனுபவம் கேட்கிறார்கள், எழுதிக் கொடுங்கள், கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று கலா சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் காலத்து ஒழுக்கம், கட்டுப்பாடு என்று நான் எழுதுவேன் என நினைத்திருப்பாள். நான் எழுதப்போவது அது இல்லை. மலரில் போடுவார்களா என்பதும் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். கோட்டுச்சேரியில் ஐந்தாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர்ப் பானை நிரப்புவது, மணி அடிப்பது, சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது என்று எல்லா வேலையும் ஒரே மாதத்தில் பழகிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஆயா போகும்போது இரண்டு சாவிகளை என் கையில் கொடுத்தார். "முன்கேட்டுச் சாவி தொலைஞ்சா திட்டு விழும். பின்கேட்டுச் சாவி தொலைஞ்சா வேலை போயிடும், பாத்துக்க" என்றார். ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. காலை ஒன்பது இருபதுக்கு முன்கேட்டில் வந்து நிற்பார். தாமதமாக வருகிற பிள்ளையைத் திட்டமாட்டார். கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்ப்பார். அந்தப் பிள்ளை மறுநாள் எட்டரைக்கே வந்துவிடும். ஒவ்வொரு பானையிலும் ஒரு டம்ளர் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வருகைப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த டீச்சரைக் கூப்பிட்டு, பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வேலையை நான் தப்பாகச் செய்தால் "சரி" என்பார். அந்த ஒரு "சரி"க்கு நான் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறேன். அவர்மேல் எனக்குப் பயம் இருந்தது, மரியாதையும் நிறைய இருந்தது. அதையும் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும்.

பள்ளி நேரத்தில் எந்தப் பிள்ளை வெளியே போனாலும் சீட்டு வேண்டும். பெயர், வகுப்பு, நேரம், காரணம், பெரிய டீச்சர் கையெழுத்து. காவல்காரர் அந்தச் சீட்டை வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டுதான் முன்கேட்டைத் திறப்பார். ஒரு காரணத்துக்கு மட்டும் சீட்டும் கிடையாது, நோட்டும் கிடையாது. வகுப்பில் ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டால் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்புவார். "ஆயா, இந்தப் புள்ளைக்குத் துணை" என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஆய்வுக்கூடத்தை ஒட்டி எனக்கு ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே ட்ரங்குப் பெட்டியில் துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துணியும், ஊக்கும், அரக்கு நிறப் பாவாடை இரண்டும் இருக்கும். பிள்ளைக்குத் துணி மாற்றி, பின்கேட்டைத் திறந்து, சந்து வழியாக வீட்டுக்குக் கூட்டிப்போவேன். வருகைப் பதிவேட்டில் அவள் நாள் முழுக்க வந்ததாகவே இருக்கும்.

"எழுதினா எழுதினதுதான் ஆயா. நாளைக்கு எந்த ஆம்பள அதிகாரி கையில அந்த நோட்டு போவும்னு யாருக்குத் தெரியும்? பொம்பளப் புள்ள விஷயம் நோட்டுல ஏறக் கூடாது" என்று பெரிய டீச்சர் என்னிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். பெண்பிள்ளைகளின் மானத்துக்காக என்று நானும் நம்பினேன்.

வீட்டு வாசலில் நின்று "அம்மா, உங்க வீட்டுல விசேஷங்க" என்பேன். அம்மாக்காரி உள்ளே ஓடிப்போய்ச் சர்க்கரை எடுத்துவந்து என் வாயில் போடுவாள். சேதி கொண்டுவந்தவளுக்கு அது மரியாதை. சில வீடுகளில் ரவிக்கைத் துணியும் தருவார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். நான் கூட்டிக்கொண்டுபோய் விட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் திரும்பிப் பள்ளிக்கு வரவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் அநேகமாக வருவதே இல்லை. காலையில் பெஞ்சு துடைக்கும்போது தெரியும், இந்த இடத்துப் பிள்ளையை நான்தான் கொண்டுபோய் விட்டேன் என்று. இருந்தும் அடுத்த வீட்டு வாசலில் நின்று வாயைத் திறந்து சர்க்கரை வாங்கிக்கொண்டேன்.

எண்பதுகளில் ஒரு வருஷம். பொங்கல் கழிந்து பள்ளி திறந்த வாரம். மத்தியானம் என் அறை வாசலில் வளர்மதி வந்து நின்றாள். குரும்பகரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை, பத்தாவது. வயதுக்கு வரத் தாமதமானவள். முகம் வெளிறியிருந்தது. டீச்சர் அனுப்பி வரவில்லை, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்தேன்.

"வா, துணி மாத்திக்க. வீட்டுக்குப் போவலாம்."

"வீட்டுக்கு வேணாம் ஆயா. வீட்டுல சொல்லிடாதீங்க."

"சொல்லாம இருக்கலாமா புள்ள? இது மறைக்கிற விஷயமா?"

"வயசுக்கு வர்ற வரைக்கும் படின்னு அப்பா சொல்லிட்டாரு. தெரிஞ்சா அன்னைக்கோட நிறுத்திடுவாரு. மாமா வீட்டுல தேதி குறிச்சுடுவாங்க. பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு ஆயா. பத்தாவது மட்டும் எழுதிடுறேன். அதுக்கப்பறம் நானே சொல்லிடுறேன்."

"எழுதி என்னாடி பண்ணப்போற?"

"நர்ஸுக்குப் படிக்கப் பத்தாவது வேணும்னு சொன்னாங்க. அப்பா அப்ப விடலன்னாலும், படிச்ச சீட்டு என் கையில இருக்கும்ல? அத யாரும் புடுங்க முடியாதுல்ல?"

சரி என்றேன். என் வேலைக்காலத்தில் நான் கொண்டுபோகாத முதல் சேதி அதுதான். துணியை என் அறையிலேயே வைத்துக்கொண்டோம். அவளே கிணற்றடிக்குப் பின்னால் அலசி, ஆய்வுக்கூடச் சுவர் ஓரம் காயப்போடுவாள். மூன்று நாளும் சாயங்காலம் தன் நீலப் பாவாடையோடு, ஒன்றும் நடக்காத மாதிரி பஸ் ஏறினாள்.

அடுத்த மாதம்தான் வினை. மதிய வருகை எடுத்து முடித்த கையோடு வளர்மதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நிற்க முடியவில்லை, பாவாடையும் பாழாகியிருந்தது. அரக்குப் பாவாடையைக் கட்டிவிட்டு, பின்கேட்டைத் திறந்து, அடுத்த தெருவில் இருந்த என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்துப் படுக்கவைத்தேன். நான் ஒரு பிள்ளையோடு பின்கேட்டுப் பக்கம் போனால் பள்ளியில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அந்த வழக்கத்தைத்தான் அன்றைக்கு நான் எனக்கு வசதியாக்கிக்கொண்டேன். பிள்ளையின் உடம்பு சூடு ஆறும்வரை கூட இருந்தேன். கடைசி மணி அடிக்க நான் போயாக வேண்டும்.

"மணிச் சத்தம் கேட்டதும் எழுந்து பின்கேட்டுக்கு வந்துடு. கும்பலோட கும்பலா முன்னால போயி பஸ் ஏறிடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பின்கேட்டைத் திறந்து, அவளுக்காகப் பூட்டாமல் சாத்திவிட்டு உள்ளே வந்தால் பள்ளி முற்றம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. வளர்மதியின் அப்பா வந்திருக்கிறார். கொல்லுமாங்குடியிலிருந்து அவளுடைய அத்தை வந்திருக்கிறாராம். சாயங்கால பஸ்ஸுக்கே திரும்ப வேண்டுமாம். பிள்ளையை முன்னதாகக் கூட்டிப்போக வந்தவர். பதிவேட்டில் பிள்ளை வந்திருக்கிறாள். முன்கேட்டு நோட்டில் வெளியே போகவில்லை. வகுப்பில் ஆள் இல்லை. கிணற்றில் இரண்டு பேர் பாதாளக் கரண்டியை இறக்கித் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை கரண்டி மேலே வரும்போதும் அந்த மனுஷர் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள்.

"என் வீட்டுல படுத்திருக்குங்க." மூன்றே வார்த்தை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் பெரிய டீச்சர் என் கையில் இருந்த பின்கேட்டுச் சாவியைப் பார்த்துவிட்டார். "ஆயா, உள்ள வா" என்றார்.

அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினார். வளர்மதியின் வகுப்பு டீச்சர் சுவர் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். மேஜைமேல் பதிவேடு திறந்திருந்தது; பிள்ளையின் அப்பா அதை இன்னும் பார்த்திருக்கவில்லை.

"சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"புள்ள நல்லா இருக்குல்ல?"

"இருக்குங்க. மணி அடிச்சா வந்துடுங்க."

"இத வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்லீங்க."

"சரி."

அந்தச் "சரி" எனக்குத் தெரிந்த "சரி"தான். பிறகு மெதுவாக, பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னார். "சீட்டு இல்லாம, நோட்டு இல்லாம பின்கேட்டு வழியா அனுப்புறோம்னு வெளிய தெரிஞ்சா, மேல இருந்து வருவாங்க. இத்தன வருஷத்துப் பதிவேட்டையும் எடுப்பாங்க. வீட்டுல இருந்த புள்ளைக்கெல்லாம் வருகை போட்டிருக்கோம். எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு. உனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. ஞாபகம் இருக்குல்ல?"

"அந்தப் புள்ள பேரு கெட்டுடுங்க டீச்சர்."

"ஒரு புள்ள பேரப் பாக்குறதா, இத்தன புள்ள படிக்கிற பள்ளிக்கூடத்துப் பேரப் பாக்குறதா? நீயே சொல்லு."

நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"பென்சில் பெட்டியில பிளேடு இருக்கும். எடு."

எடுத்துக் கொடுத்தேன். இந்தக் கைதான் கொடுத்தது. பெரிய டீச்சர் பதிவேட்டில் வளர்மதியின் பெயருக்கு நேரே, அன்றைய மத்தியான வருகைக் குறியை மெல்லச் சுரண்டினார். காகிதத் தூளை ஊதினார். அடித்தல் திருத்தலே ஆகாது என்று இருந்தவர். சுரண்டின இடத்தில் வரவில்லை என்று குறித்து, வகுப்பு டீச்சரிடம் பேனாவை நீட்டினார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை பள்ளிக்கே வரவில்லை, யாருக்கும் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டாள் என்று நோட்டில் ஏறிவிட்டது. பெண்பிள்ளை விஷயம் நோட்டில் ஏறக் கூடாது என்று சொன்ன அதே வாய், அதே கை.

"போயி மணி அடி" என்றார்.

அடித்தேன். கொஞ்ச நேரத்தில் சந்திலிருந்து வளர்மதி வந்தாள். நான் சொன்ன வார்த்தையை நம்பி வந்தாள். தனியாக, தலை கலைந்து, காலையில் கட்டிவந்த நீலப் பாவாடைக்குப் பதிலாக அரக்குப் பாவாடையில். முற்றத்தில் இருந்த அத்தனை கண்ணும் அந்தப் பாவாடையைப் பார்த்தது. அந்தச் சந்தில் ஒரு கடை இருந்தது. இலங்கை டி.வி. தெரிய வேண்டும் என்று ஊரில் வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் கம்பம் நட்டுக்கொண்டிருந்த காலம். ஆன்டனா கட்டுகிற திருமலைராயன்பட்டினத்து இளைஞர் ஒருவர் கடை போட்டிருந்தார். அவர் வளர்மதியைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது.

"சந்துக்குள்ள ஆன்டனாக் கடைதானே இருக்கு?" என்று கும்பலில் ஒரு குரல் கேட்டது.

"படம் தெளிவாத் தெரிஞ்சுருக்கும்" என்று இன்னொரு குரல். சிரித்தார்கள். பிள்ளையைக் கிணற்றில் தேடிய ஆட்களே சிரித்தார்கள். பிள்ளை செத்துக் கிடந்திருந்தால் அழுதிருப்பார்கள். உயிரோடு வந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கடி போயிருந்த?" என்று அப்பா கேட்டார்.

வளர்மதி என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் படிப்பு போய்விடும், சொல்லாவிட்டால் பேர் போய்விடும். பதினைந்து வயதுப் பிள்ளை அத்தனை ஜனத்துக்கு நடுவில் அதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவள் தீர்மானித்துவிட்டாள்.

"ஆயாவக் கேளுங்கப்பா" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். கேட்க வாயெடுத்தார். அதற்குள் பெரிய டீச்சர், "ஆயாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மத்தியானம் புள்ள பள்ளிக்கூடத்துக்கே வரல. வந்து நோட்டப் பாருங்க" என்றார். அப்பா போய்ப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு என் கால் விரலைப் பார்த்தேன். சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம், அதைத்தான் காப்பாற்றுகிறோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பிள்ளையே கேளுங்கள் என்று சொன்ன பிறகு என்ன வாக்கு? பயந்தேன். அதற்கு வேறு பெயர் கிடையாது.

மறுநாள் ஆன்டனாக் கடையை உடைத்தார்கள். அந்த இளைஞர் திருமலைராயன்பட்டினத்துக்கே திரும்பிப் போய்விட்டார். நாலாம் நாள் வளர்மதியின் அப்பா மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார். பெரிய டீச்சர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்ல புள்ளதான். என்ன செய்யிறது" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் மைப்பெட்டியோடு நின்றேன். பிறகு ஊர் முழுக்க ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன் என்றான் ஒருவன். கடற்கரையில் பார்த்தேன் என்றான் இன்னொருவன். பார்த்தவள் நான் ஒருத்தி. என்னிடம் யாரும் கேட்கவில்லை. மணி அடிக்கிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது?

பரீட்சைக்கு முதல் நாள் மேஜைகளில் சாக்பீஸால் எண் எழுதுவது என் வேலை. பட்டியலில் வளர்மதியின் எண் அடிக்கப்படாமல் இருந்தது. எழுதினேன். பரீட்சை நடந்த எல்லா நாளும் அந்த மேஜை காலியாக இருந்தது. கடைசிப் பரீட்சை முடிந்த பிறகுதான் அழித்தேன். அந்த மாதமே என் வேலையை நிரந்தரமாக்கி உத்தரவு வந்தது. பெரிய டீச்சர் சிபாரிசு. உத்தரவைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெற்றுப் போனதும் பின்கேட்டுக்கு நானே ஒரு நோட்டுப் போட்டேன். கோணல் கையெழுத்தில் பெயர், நேரம், "ஆயாவுடன் வீட்டுக்கு" என்று எழுதிப் புதுத் தலைமை ஆசிரியையிடம் கையெழுத்து வாங்கினேன். எந்த வீட்டு வாசலிலும் சர்க்கரை வாங்கவில்லை. "புள்ள திரும்பிப் படிக்க வரட்டுங்க, அப்ப வாங்கிக்கிறேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். சில பேர் அனுப்பினார்கள். பல பேர் கதவைச் சாத்தினார்கள். இப்போது பின்கேட்டைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்களாம். நாலு மூலையிலும் கேமரா இருக்கிறதாம். நோட்டு எதுவும் இல்லை என்று கலா பெருமையாகச் சொன்னாள். அன்றைக்குக் கேமரா இருந்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கும்? அரக்குப் பாவாடையில் ஒரு பிள்ளை தனியாக வருவது தெரிந்திருக்கும். அதைத்தான் ஊரே பார்த்ததே.

கலா, நீ கேட்டதற்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. தொடரில் வருகிற ஆயா கடைசிப் பாகத்தில் வாயைத் திறப்பாள் என்றாய். நானும் திறந்தேன். உத்தரவு வந்த மறுமாதம், வைகாசியில், பஸ் ஏறிக் குரும்பகரம் போனேன். வளர்மதி வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவள் அழவில்லை, கத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமாங்க?"

"மொத மாசமே தெரியும். வெள்ளிக்கிழமை தவறாம வெளக்கேத்துற புள்ள, அந்த மூணு நாளும் சாமி வெளக்குப் பக்கமே போவல. பெத்தவளுக்குத் தெரியாதா? பரீட்ச எழுதிப்புடட்டும்னு நானும் வாயத் தொறக்கல."

"அய்யாகிட்ட நீங்க சொல்லியிருக்கலாங்களே..."

"அன்னைக்கே சொன்னேன். நீயும் சேந்துக்கிட்டு மறைக்கிறியான்னு என்னையும் அடிச்சாரு. பள்ளிக்கூடத்து நோட்டுலயே எழுதியிருக்கு, உன் பேச்சக் கேக்கவான்னாரு. மாமங்காரன் பொண்ணு வேணாம்னுட்டான். வேதாரண்யத்துப் பக்கம் ரெண்டாம் தாரமாக் குடுத்தாச்சு, போன மாசம்." அவள் நெல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆயா வருவாங்க, ஆயா வந்து சொல்லுவாங்கன்னு அந்தப் புள்ள தாலி ஏறுற அன்னைக்குக் காலைல வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நானும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க ஒருத்தர் வந்து சொல்லியிருந்தா அவரு நம்பியிருப்பாரு."

நான் கிளம்பினேன். "செத்த இருங்க" என்று உள்ளே போனாள். ஒரு கிண்ணத்தோடு வந்தாள். என் வலது கையைப் பிடித்து விரித்து, ஒரு பிடி சர்க்கரையை அள்ளி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"வயசுக்கு வந்த சேதி கொண்டாந்துருக்கீங்க. வெறுங்கையோட அனுப்பக் கூடாது" என்றாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கொட்டவும் முடியவில்லை, வாயில் போடவும் முடியவில்லை. வியர்வையில் சர்க்கரை கசிந்து மணிக்கட்டு வரைக்கும் பிசுபிசுத்தது. கண்டக்டர் வந்து நின்றார். இடது கையால் சில்லறையை நீட்டினேன்.

"சோத்துக் கையால குடும்மா" என்றார். மூடியிருந்த கையையும் ஓரத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "என்னம்மா, விசேஷ வீட்டுலேந்து வர்றீங்களா?" என்று கேட்டார்.

அவருக்கும் நான் பதில் சொல்லவில்லை.